தண்டித்தபோதும் இரங்கியபோதும் சொன்ன சொல் மாறாதவர்: தீர்க்கதரிசிகளை முதன்முதலாக வாசிப்பவர்களுக்கு

ஆதியாகமத்தில் தொடங்கி வரிசையாக பைபிள் வாசித்து வருகிற பலர் ஏசாயாவுக்கு வந்ததும் தடுமாறுவார்கள். ஒரு பத்தியில் பட்டணம் எரிகிறது. அடுத்த பத்தியில் அதே பட்டணத்தில் பிள்ளைகள் விளையாடுகிறார்கள். "உங்கள் ஜெபத்தைக் கேட்கமாட்டேன்" என்று சொன்னவர், மறுமூச்சில் "வாருங்கள், வழக்காடுவோம், உங்கள் பாவங்கள் பஞ்சைப்போல் வெண்மையாகும்" என்கிறார். வேதபாட வகுப்புக்குப் புதிதாக வருகிறவர்கள் இந்த இடத்தில் கேட்பது ஒரே கேள்விதான்: இந்தக் கடவுள் கோபக்காரரா, இரக்கமுள்ளவரா?

கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் தீர்க்கதரிசிகள் அதை அப்படிப் பிரித்துப் பார்க்கவில்லை. எரேமியா 32:42-ஐ இப்போதே எடுத்து வாசித்துவிடுங்கள். இந்த ஜனத்தின்மேல் இவ்வளவு பெரிய தீங்கை வரப்பண்ணினவர் நானே. அதேபோல நான் சொன்ன நன்மை முழுவதையும் வரப்பண்ணுவேன் என்கிறார் கர்த்தர். "அதேபோல" என்பதைக் கவனியுங்கள். தண்டனை வந்தது அவர் சொன்னதைச் செய்கிறவர் என்பதால். மீட்பு வரப்போவதும் அதனால்தான். கோபம் தணிந்த பிறகு மனம் மாறி இரங்கினார் என்று அந்த வசனம் சொல்லவில்லை. இரண்டு பக்கமும் நிற்பது ஒரே உண்மை. அதை நீங்களே கண்டுகொள்ள உதவும் ஒரு வாசிப்பு வழியைக் கீழே தருகிறேன்.

தேவையானவை: ஒரு பைபிள், ஒரு நோட்டு. பழைய மொழிபெயர்ப்பா திருவிவிலியமா என்பது உங்கள் விருப்பம். பெயர்கள் மட்டும் கொஞ்சம் மாறும்: ஒன்றில் ஓசியா, மற்றதில் ஓசேயா, ஒன்றில் மல்கியா, மற்றதில் மலாக்கி. நான் பழைய மொழிபெயர்ப்பின் பெயர்களையே எழுதுகிறேன். வசனங்களின் கருத்தை என் சொற்களில் தருகிறேன். அந்தந்த இடத்தில் உங்கள் பைபிளைத் திறந்து பார்த்துக்கொள்ளுங்கள். நோட்டில் ஒவ்வொரு பகுதிக்கும் மூன்று குறிப்பு போதும்: யாருக்குச் சொன்னார், ஏன் சொன்னார், அதன் பிறகு என்ன சொன்னார். மூன்றாவதை எழுதாமல் அடுத்த பகுதிக்குப் போகாதீர்கள்.

1. ஏசாயாவுக்கு முன்பு யாத்திராகமம்

யாத்திராகமம் 32 முதல் 34 வரை ஒரே அமர்வில் வாசியுங்கள். சீனாய் மலையடியில் உடன்படிக்கை செய்துகொண்ட ஜனம், மோசே மலையில் இருந்த 40 நாளுக்குள் பொன் கன்றுக்குட்டி வார்த்துக் கும்பிடுகிறது. எல்லாம் முடிந்தது என்று நினைக்கிற நேரத்தில் கர்த்தர் மோசேக்கு முன்பாகக் கடந்துபோய்த் தம்மைப் பற்றித் தாமே சொல்கிறார் (34:6-7). இரக்கமும் கிருபையும் நீடிய சாந்தமும் உள்ளவர்; ஆயிரம் தலைமுறைக்கு இரக்கம் காக்கிறவர்; அக்கிரமத்தை மன்னிக்கிறவர்; ஆனாலும் குற்றவாளியைக் குற்றமற்றவனாக விடாதவர்; பிதாக்களின் அக்கிரமத்தை மூன்றாம் நான்காம் தலைமுறைவரை விசாரிக்கிறவர். எல்லாம் ஒரே மூச்சில் வருகிறது.

இந்த இரண்டு வசனத்தையும் நோட்டின் முதல் பக்கத்தில் உங்கள் கையெழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள். தீர்க்கதரிசிகள் திரும்பத் திரும்ப எடுப்பது இதைத்தான். யோவேல் 2:13, யோனா 4:2, நாகூம் 1:3, மீகா 7:18-20 ஆகிய நான்கு இடங்களையும் அருகில் குறித்துவையுங்கள். யார் எந்தப் பாதியை எடுக்கிறார், எந்தப் பாதியை விடுகிறார் என்று பார்க்கும்போதே பாதிப் பாடம் முடிந்துவிடும்.

"மூன்றாம் நான்காம் தலைமுறை" என்பது பலருக்கு முள்ளாகக் குத்தும். அப்படியானால் எசேக்கியேல் 18-ஐ உடனே வாசியுங்கள். பாபிலோனில் சிறையிருந்தவர்கள் "பிதாக்கள் திராட்சக்காய் தின்றார்கள், பிள்ளைகளின் பல் கூசிற்று" என்று பழமொழி சொல்லிப் புலம்பிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பழமொழியை இனி யாரும் சொல்லக்கூடாது என்று கர்த்தர் தடுக்கிறார். தகப்பன் செய்ததற்காக மகன் சாகமாட்டான். துன்மார்க்கன் சாவதில் எனக்குப் பிரியம் உண்டோ என்று கேட்கிறார். 33:11-ல் அதையே ஆணையிட்டுச் சொல்கிறார்.

அடுத்து லேவியராகமம் 26, உபாகமம் 28, 30. நீண்ட அதிகாரங்கள்தான், ஆனால் தாண்ட முடியாது. உடன்படிக்கையை மீறினால் மழை பொய்க்கும், வெட்டுக்கிளி வரும், பட்டணம் முற்றுகையிடப்படும், ஜனங்கள் தேசத்திலிருந்து பிடுங்கப்படுவார்கள் என்று அங்கே வரிசையாக எழுதியிருக்கிறது. ஆமோஸ், எரேமியா, யோவேல் யாருமே புதிதாக ஒரு சாபத்தைக் கண்டுபிடிக்கவில்லை. அதே ஏட்டில் உபாகமம் 30:1-5-ம் இருக்கிறது: வானத்தின் கடைசி முனைவரை துரத்தப்பட்டிருந்தாலும் அங்கேயிருந்து கூட்டிச்சேர்ப்பார். லேவியராகமம் 26:44 இன்னும் நேராகச் சொல்கிறது: சத்துருக்களின் தேசத்தில் இருக்கும்போதும் அவர்களை அடியோடு வெறுக்கமாட்டேன். எச்சரிக்கையும் மீட்பும் ஒரே பத்திரத்தில் எழுதப்பட்டவை என்பது தெரிந்த பிறகு வாசித்தால், தீர்க்கதரிசிகளின் குரல் முன்னும் பின்னும் மாறுவதாகத் தோன்றாது.

2. ஆண்டுகளை ஒரு பக்கத்தில் எழுதுங்கள்

இதற்கு அதிக நேரம் வேண்டாம். எல்லாமே கிறிஸ்துவுக்கு முன். 722-ல் அசீரியரிடம் சமாரியா விழுந்தது; வடக்கு ராஜ்யமான இஸ்ரவேல் முடிந்தது. 701-ல் அசீரிய ராஜா சனகெரிப் தெற்கு ராஜ்யமான யூதாவின் மேல் வந்தான். லாகீஸ் விழுந்தது, எருசலேம் தப்பியது. 612-ல் நினிவே விழுந்தது. 597-ல் ராஜா யோயாக்கீனும் ஆசாரியனான எசேக்கியேலும் பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். 586-ல் (சில நூல்களில் 587) எருசலேமும் ஆலயமும் எரிந்தன. 539-ல் பெர்சிய ராஜா கோரேஸ் பாபிலோனைப் பிடித்தான். 515 வாக்கில் ஆலயம் மறுபடி கட்டி முடிக்கப்பட்டது.

ஆமோஸும் ஓசியாவும் 722-க்கு முன்பு வடக்கில் பேசினவர்கள். ஏசாயாவும் மீகாவும் ஏறக்குறைய அதே காலத்தில் தெற்கில். நாகூம், ஆபகூக், செப்பனியா, எரேமியா எல்லாரும் பாபிலோன் தலையெடுக்கும் காலம். எசேக்கியேல் சிறையிருப்பில். ஆகாய், சகரியா 520-ல். ஏசாயா 40-லிருந்து வருவது பாபிலோனில் இருப்பவர்களை நோக்கிய ஆறுதல். புத்தகங்கள் பைபிளில் அடுக்கப்பட்டிருப்பது கால வரிசைப்படி அல்ல என்பதால், இந்தப் பக்கத்தை எப்போதும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

3. யோனாவையும் நாகூமையும் ஒரே நாளில் வாசியுங்கள்

யோனா 4 அதிகாரம், நாகூம் 3 அதிகாரம். இரண்டும் சேர்ந்து ஒரு மணி நேரம்கூட ஆகாது. இரண்டும் நினிவேயைப் பற்றியவை.

ஞாயிறு பள்ளியில் மீன் வயிற்றோடு நிறுத்திவிடுவதால் யோனா 4-ஐப் பலர் வாசித்ததே இல்லை. நினிவே மனந்திரும்பியதும் தேவன் தண்டனையை நிறுத்திவிடுகிறார். யோனாவுக்குக் கடுங்கோபம். 4:2-ல் தான் ஓடிப்போனதன் காரணத்தைச் சொல்கிறான்: நீர் இரக்கமும் கிருபையும் நீடிய சாந்தமும் உள்ளவர் என்று எனக்கு அப்போதே தெரியும். உங்கள் நோட்டின் முதல் பக்கத்தைப் பாருங்கள். சீனாயில் இஸ்ரவேலைக் காப்பாற்றிய அதே வார்த்தைகள், இங்கே புகாராக வருகின்றன. எங்களுக்குக் காட்டிய இரக்கத்தை இவர்களுக்குமா காட்டுவது? தேவன் அவனிடம் பேசுவது மென்மையாக இருக்கிறது. வலது கைக்கும் இடது கைக்கும் வித்தியாசம் அறியாத 1,20,000-க்கும் அதிகமான மனிதரும் அநேக மிருகஜீவன்களும் இருக்கிற பட்டணத்துக்காக நான் பரிதபியாமல் இருப்பேனோ என்று கேட்கிறார். புத்தகம் அந்தக் கேள்வியோடு நின்றுவிடுகிறது.

பிறகு நாகூம். 1:3-ல் அதே சீனாய் வசனம்: கர்த்தர் நீடிய சாந்தமுள்ளவர். ஆனால் உடனே மற்றப் பாதி வருகிறது: குற்றவாளியைத் தண்டியாமல் விடமாட்டார். யோனா விட்ட பாதியை நாகூம் எடுக்கிறார். நினிவே இங்கே "இரத்தப்பழிகளின் நகரம்". இது வெறும் வசைச்சொல் அல்ல. லாகீஸ் பட்டணத்தைப் பிடித்ததைச் சனகெரிப் தன் நினிவே அரண்மனைச் சுவரில் செதுக்கி வைத்தான். அந்தக் கற்பலகைகள் இப்போது லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. கழுவில் ஏற்றப்பட்ட மனிதர்கள் அதில் இருக்கிறார்கள். மாட்டு வண்டியில் மூட்டை முடிச்சோடு பெண்களும் பிள்ளைகளும் ஊரைவிட்டு ஓட்டிச் செல்லப்படுகிறார்கள். ராஜா சிங்காசனத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறான். அந்த வண்டியில் இருக்கிற பெண்ணின் இடத்திலிருந்து நாகூமின் கடைசி வசனத்தை வாசியுங்கள்: உன் கொடுமை யார்மேல்தான் பாயாமல் போயிற்று?

இரண்டு புத்தகங்களில் எது சரி என்று முடிவு கட்டப் போகாதீர்கள். இரண்டையும் தள்ளாமல் ஒரே தொகுப்பில் வைத்துக் காத்தவர்கள் தெரிந்தே காத்தார்கள்.

இங்கே ஒரு சந்தேகம் வரும். "இன்னும் 40 நாளில் நினிவே கவிழ்க்கப்படும்" என்று சொன்னது நடக்கவில்லையே, அது சொல் தவறியது ஆகாதா? எரேமியா 18:7-10-ல் பதில் இருக்கிறது. ஒரு ஜாதியைப் பிடுங்குவேன் என்று நான் சொன்ன பிறகு அது தன் தீங்கைவிட்டுத் திரும்பினால், நானும் செய்ய நினைத்த தீங்கை விட்டுவிடுவேன். நன்மை செய்வேன் என்று சொன்ன ஜாதி பொல்லாப்புச் செய்தால் அதுவும் மாறும். எச்சரிக்கையின் நோக்கமே திரும்பி வரச்செய்வது. இதற்கு நடந்த சாட்சியும் உண்டு. சீயோன், அதாவது எருசலேம், வயலைப்போல உழப்படும் என்று மீகா சொன்னார் (3:12). எசேக்கியா ராஜா பயந்து கர்த்தரிடம் கெஞ்சினதால் அந்தத் தீங்கு அப்போது வரவில்லை. ஏறக்குறைய நூறு வருஷம் கழித்து எரேமியாவைக் கொல்லவேண்டும் என்று ஆசாரியர்கள் கூச்சலிட்டபோது, ஊர் மூப்பர்கள் எழுந்து மீகாவின் அந்தச் சம்பவத்தைத்தான் எடுத்துச் சொன்னார்கள் (எரேமியா 26:17-19).

4. கோபத்தின் காரணத்தை எழுதாமல் கோபத்தை வாசிக்காதீர்கள்

நோட்டில் "ஏன்" என்ற குறிப்பு இங்கே உதவும். ஆமோஸிலிருந்து தொடங்குங்கள். தெக்கோவா ஊர் மேய்ப்பன். காட்டத்தி மரங்களைப் பார்த்துக்கொண்டவன். தெற்கிலிருந்து வடக்கே போய், இரண்டாம் யெரொபெயாமின் செழிப்பான காலத்தில், ராஜாவின் கோவில் இருந்த பெத்தேலிலேயே பேசினவன். அவன் சொன்ன குற்றங்களைப் பட்டியலிடுங்கள்: ஏழையை ஒரு ஜோடிப் பாதரட்சைக்கு விற்றார்கள் (2:6). அடமானமாக வாங்கிய துணியை விரித்து பலிபீடத்துக்குப் பக்கத்தில் படுத்தார்கள் (2:8). ஓய்வுநாள் எப்போது முடியும், கடை திறக்கலாம் என்று காத்திருந்து, மரக்காலைச் சிறிதாக்கி, எடைக்கல்லைப் பெரிதாக்கி, கோதுமையில் பதரைக் கலந்து விற்றார்கள் (8:5-6). பட்டியல் நீள நீள, வேறு ஒரு கேள்வி எழும்: இதைப் பார்த்தும் கடவுள் சும்மா இருந்திருந்தால், அந்த ஏழைக்கு அவர் உண்மையுள்ளவராக இருந்திருப்பாரா?

இதை மிகத் துல்லியமாகக் காட்டுகிற அதிகாரம் எரேமியா 34. அதிகம் பிரசங்கிக்கப்படாத அதிகாரம். தயவுசெய்து நிதானமாக வாசியுங்கள். பாபிலோன் படை எருசலேமைச் சூழ்ந்திருக்கிறது. பயத்தில் சிதேக்கியா ராஜாவும் பிரபுக்களும் ஒரு பொருத்தனை செய்கிறார்கள்: எபிரெய அடிமைகள் எல்லாரையும் விடுதலை செய்வோம். ஏழாம் வருஷத்தில் விடவேண்டும் என்று மோசேயின் சட்டம் முன்பே சொல்லியிருந்தும் யாரும் செய்யாத காரியம். ஆலயத்தில் கன்றுக்குட்டியை இரண்டாகத் துண்டித்து, துண்டுகளின் நடுவே நடந்து ஆணையிடுகிறார்கள். அடிமைகள் வீட்டுக்குப் போகிறார்கள். அந்த நேரத்தில் எகிப்தின் படை புறப்பட்டது என்று கேள்விப்பட்டு பாபிலோன் படை விலகிப்போகிறது (37:5). ஆபத்து நீங்கியது என்று தோன்றியதும் எஜமான்கள் போய், விடுதலை செய்த ஆண்களையும் பெண்களையும் மறுபடி பிடித்துவந்து அடிமைகளாக்குகிறார்கள்.

கர்த்தர் சொல்வது: நீங்கள் அவனவன் சகோதரனுக்கு விடுதலை கூறவில்லை; ஆகையால் நான் உங்களுக்கு விடுதலை கூறுகிறேன், பட்டயத்துக்கும் கொள்ளைநோய்க்கும் பஞ்சத்துக்கும் (34:17). விலகிப்போன படையைத் திரும்ப வரவழைப்பேன். எருசலேமின் அழிவை வாசிக்கும்போது, சில நாள் விடுதலையை ருசித்துவிட்டு மறுபடி மாவரைக்கும் கல்லுக்கு இழுத்துக்கொண்டு போகப்பட்ட ஒரு வேலைக்காரியை மனதில் நிறுத்துங்கள். நியாயத்தீர்ப்பு என்பது அவளை மறவாத உண்மை. இரக்கத்தை மட்டும் பேசுகிற தேவன் வேண்டும் என்கிறவர்கள், அவளிடம் என்ன சொல்வார்கள்?

அதே ஆமோஸில் 7:1-6-ஐயும் விடாதீர்கள். வெட்டுக்கிளி தரிசனமும் அக்கினி தரிசனமும் காட்டப்பட்டபோது, இவ்வளவு கடுமையாகப் பேசின அந்த மேய்ப்பனே "யாக்கோபு சிறுத்துப்போனானே, எப்படித் தாங்குவான்" என்று மன்றாடுகிறான். இரண்டு முறையும் கர்த்தர் விட்டுவிடுகிறார். மூன்றாவதாகத் தூக்குநூல் தரிசனம். அங்கே மன்றாட்டு இல்லை. சுவர் கோணல் என்று தெரிந்துவிட்டது. ஊரைத் திட்டுகிறவன் ஊருக்காக அழாதவன் என்றால் அவன் தீர்க்கதரிசி அல்ல என்பது என் எண்ணம்.

5. ஓசியா: 1 முதல் 3, பிறகு 11, 14

ஓசியாவின் பிள்ளைகளுக்குப் பெயரிடச் சொன்னதே தண்டனைச் செய்தி. மகள் லோருகாமா, இரக்கம் பெறாதவள். மகன் லோகம்மீ, என் ஜனம் அல்ல. அந்தக் குழந்தைகளை அவர்கள் அம்மா கோமேர் தெருவில் பெயர் சொல்லிக் கூப்பிடும்போதெல்லாம் ஊர் கேட்டிருக்கும். ஆனால் 2:23-க்கு வரும்போது அதே பெயர்கள் புரட்டப்படுகின்றன: இரக்கம் பெறாதவளுக்கு இரங்குவேன், என் ஜனம் அல்லாதவனை என் ஜனம் என்பேன்.

11-ஆம் அதிகாரத்தைச் சத்தமாக வாசியுங்கள். எப்பிராயீமை, அதாவது வடக்கு ராஜ்யத்தை, கைபிடித்து நடக்கப் பழக்கினவர் பேசுகிறார். முதல் ஏழு வசனங்களில் தண்டனை உறுதியாகிறது. எட்டாம் வசனத்தில் எல்லாம் திரும்புகிறது: எப்பிராயீமே, உன்னை எப்படிக் கைவிடுவேன்? சோதோமோடு அழிந்துபோன அத்மாவைப்போலவும் செபோயீமைப்போலவும் உன்னை எப்படி ஆக்குவேன்? அதற்கு அவர் சொல்கிற காரணம் 11:9-ல்: நான் மனுஷனல்ல, தேவன். மனிதன் என்றால் பழி தீர்த்திருப்பான். தேவனாக இருப்பதால் முற்றிலும் அழிக்க மாட்டார். ஆனால் 722-ல் சமாரியா விழத்தான் செய்தது. இரக்கம் தண்டனையை ரத்து செய்யவில்லை. தண்டனை கடைசி வார்த்தை ஆகாமல் தடுத்தது.

குழுவாக வாசிக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஓசியா 2-லும், பின்னர் எசேக்கியேல் 16, 23-லும் துரோகம் செய்த மனைவியைக் கணவன் தண்டிக்கிற உருவகம் வருகிறது. வீட்டில் அடி வாங்குகிற சகோதரி ஒருவர் உங்கள் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கலாம். இந்தப் பகுதிகள் எந்தக் கணவனுக்கும் கை ஓங்க உரிமை கொடுக்கவில்லை என்பதை நடத்துகிறவர் முதலிலேயே வாய்விட்டுச் சொல்லவேண்டும்.

6. எரேமியா 28 முதல் 32 வரை, மெதுவாக

ஒரு வாரம் இதற்கு மட்டும் ஒதுக்குங்கள்.

28-ல் அனனியா என்ற தீர்க்கதரிசி வருகிறான். 597-ல் ராஜாவும் ஆலயப் பாத்திரங்களும் போய்விட்ட பிறகு நடக்கிறது. எரேமியா கழுத்தில் மர நுகத்தைப் போட்டுக்கொண்டு, பாபிலோனுக்குக் கீழ்ப்படியுங்கள் என்று நடக்கிறார். அனனியா எல்லார் முன்பாகவும் அந்த நுகத்தை எடுத்து உடைத்து, இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பி வரும் என்கிறான். கேட்க எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! எரேமியாவே "ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக" என்கிறார் (28:6). அவருக்கும் அதுதான் ஆசை. ஆனால் உண்மை அதுவல்ல. மர நுகம் போய் இரும்பு நுகம் வரும் என்று கர்த்தர் சொல்கிறார். அனனியா அந்த வருஷமே இறந்துபோகிறான்.

29-ல் எரேமியா பாபிலோனில் இருப்பவர்களுக்குக் கடிதம் எழுதுகிறார். வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பெண் எடுங்கள், பெண் கொடுங்கள், அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள். 29:11 நம் வீடுகளில் சுவரில் தொங்குகிற வசனம். புத்தாண்டு வாக்குத்தத்த அட்டைகளில் அதிகம் வருகிற வசனங்களில் ஒன்று. அதன் முந்தின வசனத்தையும் சேர்த்து மனப்பாடம் செய்யுங்கள்: 70 வருஷம் நிறைவேறின பின்பு. அந்தக் கடிதத்தைக் கையில் வாங்கின பெரியவர்களில் பெரும்பாலோர் ஊர் திரும்பமாட்டார்கள். "உங்கள் மேல் நான் நினைக்கிற நினைவுகள் சமாதானத்துக்கானவை" என்பது அவர்களுக்குச் சொல்லப்பட்டது. 70 வருஷத்தை மறைத்துவிட்டு 11-ஐ மட்டும் எடுத்தால் நாம் நிற்பது அனனியாவின் பக்கம்.

31-ல் 20, 28, 31-34 வசனங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். 28 நம் விஷயத்துக்கு நேரானது: பிடுங்கவும் இடிக்கவும் எப்படி விழித்திருந்தேனோ அப்படியே கட்டவும் நாட்டவும் விழித்திருப்பேன். அதற்கு மூன்று வசனம் தள்ளி புதிய உடன்படிக்கை.

இனி 32. சிதேக்கியாவின் பத்தாம் வருஷம். மறுவருஷம் பட்டணம் விழப்போகிறது. எரேமியா அரண்மனைக் காவல் முற்றத்தில் அடைபட்டிருக்கிறார். பட்டணம் பாபிலோன் கையில் விழும் என்று சொன்னதுதான் குற்றம். அங்கே சித்தப்பா சல்லூமின் மகன் அனாமெயேல் வந்து, ஆனதோத்தில் இருக்கிற என் நிலத்தை வாங்கிக்கொள், மீட்கும் உரிமை உனக்குத்தான் என்கிறான். ஆனதோத் எருசலேமுக்கு வடகிழக்கே நடந்துபோகிற தூரம். முற்றுகைப் படை சூழ்ந்த நாட்களில், வாங்கினவன் காலெடுத்துக்கூட வைக்கமுடியாத நிலம்.

எரேமியா வாங்குகிறார். 17 சேக்கல் வெள்ளி, இன்றைய கணக்கில் சுமார் 200 கிராம், தராசில் நிறுத்துக் கொடுக்கிறார். பத்திரம் எழுதி, முத்திரை போட்டு, சாட்சிகளிடம் கையெழுத்து வாங்குகிறார். முத்திரை போட்ட பிரதி ஒன்று, திறந்த பிரதி ஒன்று. நேரியாவின் மகன் பாருக்கிடம் கொடுத்து, அநேக நாள் இருக்கும்படி மண்பாண்டத்தில் வைக்கச் சொல்கிறார். பத்திரப் பதிவு அலுவலகத்தில் நின்றவர்களுக்கு இந்த ஒவ்வொரு விவரமும் புரியும். தண்டனை வரும் என்று சொன்ன மனிதரே, மீட்பும் வரும் என்று தன் சொந்தப் பணத்தைப் போடுகிறார்.

பிறகு அவர் ஜெபிக்கிறார் (32:16-25). நம்பிக்கையோடு தொடங்கும் அந்த ஜெபம் குழப்பத்தில் முடிகிறது: பட்டணம் கல்தேயர் (பாபிலோனியர்) கையில் கொடுக்கப்படுகிறதே, நீரோ நிலத்தை வாங்கு என்கிறீரே. வாங்கிய பிறகும் அவருக்குப் புரியவில்லை. கர்த்தரின் பதிலில் தண்டனைக்கான காரணம் எல்லாம் குறைக்கப்படாமல் வருகிறது. அதன் பிறகுதான் தொடக்கத்தில் பார்த்த 42-ஆம் வசனம். இந்தத் தேசத்தில் மறுபடி நிலம் வாங்குவார்கள், பத்திரம் எழுதுவார்கள், சாட்சி வைப்பார்கள் (32:44).

7. பதில் இல்லாத இடங்களில் அவசரப்படாதீர்கள்

புலம்பல் புத்தகத்தை முழுவதும் வாசியுங்கள். "அவருடைய இரக்கங்களுக்கு முடிவில்லை, காலைதோறும் புதியவை" என்ற 3:22-23-ஐப் பாடியிருப்போம். அது பட்டினியால் சுருண்ட குழந்தைகளைப் பற்றிய பாடல்களுக்கு நடுவே இருக்கிறது. 3:33 சொல்கிறது: அவர் மனதாரச் சிறுமைப்படுத்துவதில்லை. ஆனாலும் அந்தப் புத்தகம் முடிவது "எங்களை முற்றிலும் வெறுத்துவிட்டீரோ" என்ற தொனியில். ஆபகூக்கும் இப்படித்தான்; எங்களைவிடப் பொல்லாத பாபிலோனைக் கொண்டா எங்களைத் தண்டிப்பது என்று நேருக்கு நேர் கேட்கிறார். அவருக்குக் கிடைத்த பதில் முழுத் திருப்தி தரவில்லை. ஆனால் அவரது ஜெபம் நமக்குக் கிடைத்தது: கோபத்திலும் இரக்கத்தை நினைத்தருளும் (3:2).

இன்று ஊரில் வெள்ளம் வந்தாலும் வியாதி வந்தாலும் இன்ன பாவத்துக்கு இன்ன தண்டனை என்று விரல் நீட்ட இந்தப் புத்தகங்களை எடுக்காதீர்கள். தீர்க்கதரிசிகள் தங்களுக்குச் சொல்லப்பட்டதைச் சொன்னவர்கள். நமக்கு அந்தக் கட்டளை கொடுக்கப்படவில்லை.

8. பத்து வார வாசிப்பு

குழுவாக வாசிக்க யூதர்களின் ஜெப ஆலய வழக்கத்திலிருந்து ஒரு திட்டத்தை எடுத்துக்கொள்ளலாம். ஆலயம் இடிந்ததை நினைத்து உபவாசிக்கும் யூத நாட்காட்டியின் ஆப் மாதம் 9-ஆம் நாளுக்கு முந்தின மூன்று ஓய்வுநாட்களில் கண்டிப்பின் பகுதிகள் வாசிக்கப்படும். அடுத்து வரும் ஏழு ஓய்வுநாட்களில் ஆறுதலின் பகுதிகள். கண்டிப்புக்கு மூன்று வாரம், ஆறுதலுக்கு ஏழு வாரம்.

கண்டிப்பு: எரேமியா 1:1-2:3, எரேமியா 2:4-28, ஏசாயா 1:1-27.

ஆறுதல்: ஏசாயா 40:1-26, 49:14-51:3, 54:11-55:5, 51:12-52:12, 54:1-10, 60, 61:10-63:9.

மூன்றாம் வாரத்துக்கும் நான்காம் வாரத்துக்கும் நடுவே ஒரு மாலை புலம்பலை வாசியுங்கள். அவர்கள் அந்த உபவாச இரவில் வாசிப்பதும் அதுதான். கடைசி வசனத்தோடு முடிக்காமல் அதற்கு முந்தின வசனத்தை மறுபடி வாசித்து முடிப்பது அவர்கள் மரபு: எங்களை உம்மிடத்தில் திருப்பிக்கொள்ளும், அப்பொழுது திரும்புவோம். ஏசாயாவின் முடிவையும் மல்கியாவின் முடிவையும் இப்படியே வாசிக்கிறார்கள்.

பத்தாம் வாரப் பகுதியில் 63:1-6-ஐத் தாண்டிப் போக மனம் இழுக்கும். ஏதோமிலிருந்து இரத்தம் தெறித்த உடுப்போடு ஒருவர் நடந்துவருகிற காட்சி அது. ஆறுதலின் கடைசி வாரத்தில் இது ஏன் என்று குழுவில் யாராவது கேட்பார்கள். உடனே விளக்கம் சொல்லாமல், நான்காம் பகுதியில் நீங்கள் எழுதிய குற்றப் பட்டியலை எடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். அதன் பிறகு 63:9-ஐ வாசியுங்கள்: அவர்களுடைய எல்லா நெருக்கத்திலும் அவர் நெருக்கப்பட்டார். அன்றைய பேச்சு நேரத்தை முழுவதும் இந்த ஒன்பது வசனத்துக்கே கொடுங்கள். அடுத்த வாரம் எசேக்கியேலைத் தொடங்கலாம்.